அரியநாயகத்தாரின் செருப்புச் சோதனை

அரியநாயகத்தார் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இஞ்சை பாரும் இரஞ்சிதம், வாய் ஒரு பக்கம் இழுக்குதே?”

“இல்லையப்பா. கலியாணத்தண்டும் உங்கடை வாய் உப்பிடித்தான் இருந்தது,” என்றா மனுசி.

எல்லாம் வாசிகசாலையில் டொக்டர் பேசியதால் வந்த வினை. பாரிசவாதம் இரண்டு வகையாம். மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைபடுவது ஒன்று, வெடித்துக் கசிவது மற்றது. பிறஷர், சீனி வருத்தம், சுருட்டு எல்லாம் காரணமாம். வாய் கோணும், கை சோரும், கதை குழறும். காலில் செருப்புக் கழன்றாலும் தெரியாது. புளியங்கூடல் ஊர்ச் சனம் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனது. அரியநாயகத்தார் மட்டும் வருத்தத்தை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அன்றே சுருட்டை விட்டார். நாற்பது வருசப் பழக்கம் சும்மா விடுமா? தலை இடித்தது.

“பிறஷர்தான்! உம்மடை குளிசையிலை ஒண்டு தாரும்.”

பிறஷர் இருந்தது இரஞ்சிதத்துக்கு. அது எண்பத்தேழாம் ஆண்டு. சண்டையால் பட்டினப் பாதை இன்றைக்குத் திறக்கும், நாளைக்குப் பூட்டும். வீட்டில் மிச்சமிருந்தது ஒரேயொரு குளிசை மட்டை. மனுசி யோசிக்காமல் நீட்டினா.

போட்டதும் தலை சுற்றியது.

“ஒண்டு காணாது போலை.”

இரண்டு போட்டார். எழும்பினால் கண் இருட்டியது.

“ரெண்டுக்கும் கேக்கேல்லையெண்டால் முத்தீட்டுது. அடைப்போ, கசிவோ, அதுதான் தெரியேல்லை.”

மூன்றாம் நாள் மட்டை முடிந்தது.

“அப்ப உமக்கு?” என்று அப்போதுதான் கேட்டார்.

“எனக்கென்ன? நீங்கள் எழும்பி நடந்தால் காணும்.”

அவவுக்கு உண்மையிலேயே பயம். இந்த மனுசன் இல்லாத வீட்டை அவவால் நினைக்கவே ஏலாது.

ஒரு கிழமை கழித்து, தேத்தண்ணிக் கோப்பை மனுசியின் இடக்கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. அரியநாயகத்தாருக்கு நெஞ்சு உருகிவிட்டது.

“என்னை நினைச்சுப் பதறிறீர், பாவம். எமிலியானுஸின்ரை காரைக் கூப்பிடும், ஆசுபத்திரிக்குப் போவம்.”

வேலிப் படலை வரைக்கும் தன் செருப்பிலிருந்து கண்ணெடுக்காமல் நடந்தார். இரண்டும் காலிலேயே இருந்தன. கொஞ்சம் ஆறுதல்.

ஆசுபத்திரியில் தாதி ஜசிந்தா மிஸ்ஸி அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, கையில் பட்டி கட்டி அளந்தா.

“ஐயா, உங்களுக்குப் பிறஷரே இல்லை. குளிசையைப் போட்டுப்போட்டு நல்லா இறக்கி வைச்சிருக்கிறியள். அதுதான் தலைச்சுத்து. ஆற்றை குளிசை?”

“மனுசியின்ரை.”

“அப்ப இவ்வளவு நாளும் அக்கா என்னத்தைப் போட்டவ?”

அரியநாயகத்தார் வாசல் பக்கம் திரும்பி மனுசியைத் தேடினார்.

அப்போது கார்க்காரன் எமிலியானுஸ் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தான்.

“மிஸ்ஸி, அந்தக் கட்டிலிலை அக்காவைப் படுத்துங்கோ. படலையடியிலை ஒருக்கா, கார்க் கதவடியிலை ஒருக்கா, இப்ப வாசலிலை ஒருக்கா, மூண்டு தரமும் இடக்கால் செருப்பை விட்டிட்டு வாறா; கழண்டது அவவுக்குத் தெரியேல்லை.”