ஆதர்ஷின் உடம்பு வந்த கதை

மௌலா அலி,
ஞாயிற்றுக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ சீதாராமன் அத்திம்பேருக்கு, சக்ரபாணி அநேக நமஸ்காரம். இங்கு யாவரும் க்ஷேமம். அக்கா ருக்மிணியின் முழங்கால் வலி குறையப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் புத்திரன் ஹர்ஷா ஜிம்மில் சேர ஆசைப்படுவதாகவும், என் அபிப்பிராயம் வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். என் பிள்ளை ஆதர்ஷுக்கு வயது இருபத்துமூன்று. அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படிக்கப்போன இடத்தில் எவளோ அவனை "அகர்பத்தி" என்றாளாம், ஊதுபத்தி மாதிரி ஒல்லியாம். மறுநாளே ஜிம். சாதம் நின்றது, ரசம் நின்றது, தூக்கமும் நின்றது. டப்பாவிலிருந்து ஏதோ மாவைக் கலக்கிக் குடித்தான். நாலே மாதத்தில் சட்டையெல்லாம் தையல் விட்டது. சரி, உடம்புதான் வந்துவிட்டதே, காஸ் சிலிண்டரை உள்ளே வைடா என்றால், "நக்கோப்பா, வேணாம், இன்னிக்கு லெக் டே, கைக்கு ரெஸ்ட்" என்கிறான். நானும் அவன் அம்மா பட்டுவும் உருட்டிக்கொண்டு போனோம்.

இதற்கிடையில் மத்திய சர்க்கார் வேலைக்கு உத்தரவு வந்து, மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். மார்பு எடுப்பாகத் தெரியவேண்டுமென்று இவன் முதல்நாளிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லையாம்! ஊசியைக் கண்டதும் மயங்கிச் சாய்ந்தான். தாங்கப்போன நான் அடியில். இரண்டு கம்பவுண்டர்கள் சேர்ந்து என்னை வெளியே இழுத்தார்கள்.

டாக்டர் ஆக்னஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உடம்பு பெருசா இருக்கு தம்பி, உள்ள ரத்தம் கம்மி. எக்ஸர்சைஸ் தப்பில்ல, சாப்பிடாம தூங்காம பண்றதுதான் தப்பு. ஆறு வாரம் கழிச்சு வா" என்று, தற்காலிகமாகத் தகுதியில்லை என எழுதிவிட்டாள். திரும்பும்போது, "ஸாரிப்பா, வேலை போயிடுமா?" என்று அழுதான் பாருங்கள், அவன் தோள் குலுங்கியதில் ஆட்டோவே ஆடியது.

பிறகு பட்டு கையால் மூன்று வேளையும் பருப்பு, கீரை, சாதம். பத்து மணிக்குப் படுக்கை. நேற்று மறுபரிசோதனையில் பாஸ்! ஆகவே ஹர்ஷாவை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அக்காவுக்கு நமஸ்காரம், ஹர்ஷாவுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சக்ரபாணி

பி.கு.: கையெழுத்துப் போட்டு எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆதர்ஷ் என்னைக் குழந்தை மாதிரி தூக்கி மூன்று மாடி இறக்கி, வைத்தியரிடம் காட்டி, மறுபடி மூன்று மாடி ஏற்றினான். மூச்சு வாங்கியது எனக்குத்தான். ஹர்ஷாவை இன்றைக்கே சேர்த்துவிடவும், தங்களுக்கும் வயதாகிறது.