எச்சில் பொருத்தம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதற்கப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தது. உருப்படியான மூன்றாவது கண்டுபிடிப்பு போன மாதம் கொரட்டூரில்தான் நிகழ்ந்தது. கல்யாணத்துக்கு டி.என்.ஏ. பொருத்தம் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். கண்டுபிடித்த மேதை ராகவன் சார். கூடவே போய், ஆமாம் சார் போட்டவள் நான்.

நான் என்றால் லோகநாயகி. கல்யாணத் தரகர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வாசல் பலகையில் ‘குடும்ப இணைப்பு ஆலோசகர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். கண் இருப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

ராகவன் சார் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கத்திக்காரர். ஏரியைப் பார்த்த மாதிரி ஃபிளாட். ஒரே பெண் காவ்யா, அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கும் வெற்றிச்செல்வனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். பையன் நெமிலிச்சேரி. தாத்தா அடுத்தவர் வயலில் நாற்று நட்டார், அப்பா வேம்புலி தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறார், பையன் ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிறான். படிப்பு, சம்பளம், குணம் எதிலும் குறை சொல்ல முடியாது. சாதிதான் வேறு.

வேறு தகப்பனாக இருந்தால் தாம்தூம் என்று குதித்திருப்பான். ராகவன் சார் நாகரிகம் தெரிந்தவர்.

“சாதி பார்க்கிற ஆள் இல்லம்மா நான். ஜாதகம் பார்ப்போம். பொருந்தலேன்னா யாரும் மனசு கஷ்டப்படக் கூடாது” என்றார்.

பொருந்தாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பாழாய்ப் போன ஜாதகம் பத்துக்கு ஒன்பது பொருந்தித் தொலைத்தது. அன்று சாயங்காலமே ராகவன் சார் பகுத்தறிவுவாதி ஆகிவிட்டார்.

“ராசியாவது, நட்சத்திரமாவது! எல்லாம் மூடநம்பிக்கை. டி.என்.ஏ. பார்க்கணும், ரத்தம் பேசணும். அதுல பொருந்திட்டா நானே தாலி எடுத்துக் குடுக்கறேன்.”

காவ்யா அவரையே பார்த்தாள். “பேச்சு மாற மாட்டீங்களேப்பா?”

“சயன்ஸ் மேல சத்தியம்!”

அம்பத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனோம். அதன் பொறுப்பாளர் கனிமொழி, முன்பு போலீஸ் வழக்குகளுக்கான தடயங்களை ஆராய்ந்தவர். எங்கள் தூதுக்குழுவில் ராகவன் சார், காவ்யா, வெற்றிச்செல்வன், வேம்புலி, நான். ஆவடியிலிருந்து ராகவன் சாரின் அக்கா மகன் கிரணும் வரவழைக்கப்பட்டிருந்தான். முறை மாப்பிள்ளை. ‘ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்’ என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். பாவம், அவன் மூலையில் உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

கனிமொழி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார். “இதுல யாருக்கு யார் அப்பான்னு சந்தேகம்?”

“என்ன மேடம், மானத்தை வாங்கறீங்க! ஒரு சந்தேகமும் கிடையாது” என்று ராகவன் சார் கொதித்தார்.

“அப்ப ஏதாவது கேஸா?”

“கல்யாணம்.”

கனிமொழி பஞ்சு சுற்றிய குச்சிகளை எடுத்து வைத்தார்.

வேம்புலி உஷாரானார். “இன்னா மேடம், வாயத் தொறன்றீங்க? பல்லு கில்லு புடுங்கிடுவீங்களா?”

“இல்லண்ணா. கன்னத்துக்கு உள்பக்கம் லேசாத் தேய்ச்சு எடுத்துப்போம். எச்சில்ல வர்ற செல்லுக்குள்ளேயே டி.என்.ஏ. இருக்கு.”

“எச்சிய வச்சா கல்யாணம்? எங்க ஊட்ல வெத்தல பாக்கு வச்சிதாம்மா பேசுவோம்” என்றார். ஆனாலும் மகனுக்காக வாயைத் திறந்தார்.

கனிமொழி எங்களுக்குப் பாடமும் எடுத்தார். “டி.என்.ஏ.ல சில இடங்கள்ல ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். நம்ம எலெக்ட்ரிக் ட்ரெயின் பெட்டி மாதிரி. ஒருத்தருக்கு ஒன்பது பெட்டி, இன்னொருத்தருக்குப் பன்னெண்டு. ஒவ்வொரு இடத்துலயும் அம்மா குடுத்த வண்டி ஒண்ணு, அப்பா குடுத்த வண்டி ஒண்ணு. அந்த மாதிரி இருபது இடத்துல பெட்டியை எண்ணுவோம். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா அதுதான் டி.என்.ஏ. ரேகை. ஒரே மாதிரி இரட்டையர் தவிர ரெண்டு பேருக்கு அப்படியே ஒத்துப்போகாது.”

ராகவன் சார் காதில் இதில் ‘இருபது’ மட்டும்தான் விழுந்தது.

“லோகநாயகிம்மா, ஜோசியத்துல பத்துதான். இங்க இருபது! இருபதுக்குப் பதினஞ்சு வந்தா பாஸ்னு வெச்சுக்கலாமா?”

“தாராளமா வெச்சுக்கலாம் சார்” என்றேன். வீட்டுக்குப் போன கையோடு பலகையில் ‘டி.என்.ஏ. பொருத்தமும் பார்க்கப்படும்’ என்று எழுதச் சொன்னேன். காலத்தோடு ஓட வேண்டாமா?

முடிவு வந்த அன்று மறுபடி எல்லோரும் கூடினோம். ராகவன் சார் பட்டு வேட்டியில் வந்திருந்தார். காவ்யா வெற்றிச்செல்வன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கனிமொழி சொன்னார். “காவ்யாவும் வெற்றிச்செல்வனும் அங்கொண்ணு இங்கொண்ணாத்தான் ஒத்துப்போறாங்க.”

“ஃபெயில்!” என்று ராகவன் சார் தொடையைத் தட்டினார்.

“காவ்யாவும் கிரணும் அதைவிடக் கூடுதலா ஒத்துப்போறாங்க.”

“பார்த்தீங்களா? நான் சொல்லல, சயன்ஸ் சொல்லுது! டேய் கிரண், எழுந்திருடா!”

“விக்கெட் விழுந்துடுச்சா மாமா?” என்று கேட்டுக்கொண்டே கிரண் எழுந்தான்.

“உட்காருங்க சார்” என்றார் கனிமொழி. “நிறைய ஒத்துப்போச்சுன்னா நெருங்கின சொந்தம்னு அர்த்தம். நல்ல ஜோடின்னு அர்த்தம் இல்ல. உங்க கணக்குப்படி பார்த்தா காவ்யாவோட அதிகமாப் பொருந்தறது நீங்கதான். இருபது இடத்துலயும் பாதி உங்களோடது.”

வேம்புலி தலையில் கை வைத்துக்கொண்டார். “அடக் கடவுளே! இன்னா அண்ணாத்தே, பெத்த பொண்ணுக்கே மாப்ளயா நிக்கப் பாக்கறியே!”

ராகவன் சார் முகம் கறுத்துப்போயிற்று. “அதெல்லாம் இருக்கட்டும் மேடம். எங்க சாதி எந்த இடத்துல தெரியுது, அதைக் காட்டுங்க.”

“அப்படி ஒரு இடமே இதுல இல்ல சார்.”

“நல்லாத் தேடினீங்களா? நாங்க ரொம்பப் பழைய வம்சம்.”

“எல்லாரும் ஒரே அளவு பழசுதான் சார்.”

காவ்யா சொன்னாள். “அப்பா, நீங்க சொன்ன ஜாதகம் பொருந்திச்சு. நீங்க சொன்ன சயன்ஸும் பார்த்தாச்சு. சாதின்னு ஒரு இடமே அதுல இல்லேன்னு மேடமே சொல்லிட்டாங்க. தாலி எடுத்துக் குடுங்கப்பா.”

ராகவன் சார் செல்போனை எடுத்து ஊருக்குப் போட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

“சித்தப்பா, சயன்ஸும் கைவிட்டுடுச்சு. பசங்களைக் கூட்டிட்டு வண்டி எடுங்க. பையன் வீடு நெமிலிச்சேரி ஸ்டேஷன் கிட்ட.”

வேம்புலி எழுந்துபோய் மகனுக்கு முன்னால் நின்றுகொண்டார். காவ்யா அழவில்லை. கனிமொழியிடம் திரும்பினாள்.

“மேடம், எங்க ரெண்டு பேர் சாம்பிளையும் தூக்கிப் போட்டுடாதீங்க. நாளைக்கு ரயில் பாதையோரமா எதையாவது கண்டெடுத்தா, யாருன்னு சொல்றதுக்கு வேணும்.”

“என்னடி பேச்சு இது!” என்றார் ராகவன் சார். போன் இன்னும் காதிலேயே இருந்தது.

“நான் சரியாத்தான் பேசறேன்ப்பா. யார் பெத்த பொண்ணுன்னு கேட்டா, பாதி உங்களோடதுன்னு இருபது இடத்துலயும் சொல்லும்.”

“அது மட்டும் இல்லம்மா” என்றார் கனிமொழி. முன்பு பார்த்த வேலையின் குரல் அது. “யார் கை வெச்சாங்கன்னும் சொல்லும். நகக்கண்ணுல ஒட்டியிருக்கறது போதும். அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு, ஆம்பளைங்க வழியா மட்டும், பெரும்பாலும் மாறாமலே வர்ற பகுதி ஒண்ணு இருக்கு. நீங்க கேட்ட வம்சம் அதுல தெரியும் சார். உங்க எச்சில் ஒண்ணு கையில இருந்தா, தொட்டது உங்க சித்தப்பாவா இருந்தாலும், அவர் பசங்களா இருந்தாலும், இந்த வம்சத்து ஆம்பளைதான்னு காட்டிக் குடுத்துடும்.”

போனில் சித்தப்பா ‘ஹலோ, ஹலோ’ என்று கத்துவது எங்களுக்கே கேட்டது. ராகவன் சார், “வேணாம் சித்தப்பா, யாரும் வர வேணாம்” என்று சொல்லி அணைத்தார். நெற்றி வியர்வையைப் பட்டு அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டார்.

பெற்ற பாசம் வென்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் கனிமொழி பக்கம் குனிந்து, மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டார்.

“என் சாம்பிளை மட்டும் அழிச்சிட முடியுமா மேடம்?”