தரகர் அக்காவுக்கு டேட்டாபேஸ் போட்டுக் குடுத்தேன்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலை. ஹட்டன்ல கல்யாணத் தரகு பார்க்குற பாக்கியம் அக்காவோட பழைய கம்ப்யூட்டர்ல ஒரு சொப்ட்வெயார் போட்டுக் குடுக்கணும்.

பொண்ணு, மாப்பிள்ளை விவரமெல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கும். பொருத்தமான வீட்டுக்கு எஸ்எம்எஸ் தானாப் போகும்.

"ஒரு பிளேன்டீ ஊத்துங்கக்கா. ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்."

சொன்னது நான்தான். இந்த வாயாலதான்.

கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. அதனால லினக்ஸ் போட்டேன். அது சமத்தா உக்காந்துருச்சு. டேட்டாபேஸ்தான் அடம் புடிச்சுச்சு.

பாஸ்வேர்ட் கேட்டுச்சு. லினக்ஸ்ல பாஸ்வேர்ட் அடிச்சா திரையில ஒரு புள்ளிகூட வராது. பக்கத்துல நின்ன அக்கா பதறிட்டாங்க.

"தங்கச்சி, கீபோர்டு செத்துருச்சு!"

சொல்லிட்டு அதத் தூக்கி நாலு தட்டு தட்டுனாங்க. அதுக்கப்புறம் என்ன அடிச்சாலும் "அனுமதி இல்லை"ன்னே வந்துச்சு.

"என் கம்ப்யூட்டர்ல எனக்கே அனுமதி இல்லையா? யாரு அவன்?"

"இருங்கக்கா, வேற பேருல உள்ள போய்ப் பார்க்குறேன்."

"ஐயோ, கள்ளப் பேரெல்லாம் வேணாம். இது கல்யாண விசயம்!"

இன்டர்நெட்ல தேடுனேன். எல்லாத்தயும் அழிச்சுட்டு மறுபடி போட்டேன். பிளேன்டீ ஆறி, ரெண்டாவது பிளேன்டீயும் ஆறிருச்சு. கடைசியில பார்த்தா கேப்ஸ் லொக்! அக்கா தட்டுனதுல அமுங்கியிருக்கு. அத கவனிக்காம டேட்டாபேஸ அந்தத் திட்டு திட்டியிருக்கேன்.

சரின்னு அக்கா வச்சிருந்த விவரம், போன் நம்பர் எல்லாத்தயும் உள்ள ஏத்துனேன். தமிழ்ப் பேரு எல்லாமே வரிசையா கேள்விக்குறி!

"இது யாரு தங்கச்சி?"

"கந்தப்பளை மாப்பிள்ளைக்கா."

"இது?"

"அது... மாமியாரா இருக்கலாம்."

ஒரு வழியா அதயும் சரி பண்ணிட்டேன். இனி எஸ்எம்எஸ் போகுதான்னு பார்க்கணும். சும்மா சோதனைக்கு ஒரு பொண்ண சேர்த்தேன். பேரு டெஸ்ட். சமையல்: சுடுதண்ணி நல்லா வைப்பா. குணம்: காலையில பேச்சு குடுக்கக் கூடாது. எதிர்பார்ப்பு: மாப்பிள்ளைதான் துணி தொவைக்கணும். தொடர்பு நம்பர்னு கேட்டுச்சு. ஞாபகத்துல வந்தது அம்மா நம்பர். அதயே போட்டேன்.

என் போனுக்கு மட்டும் அனுப்புன்னு ஒரு வரி எழுதணும். அந்த வரியத்தான் மறந்துட்டேன். அந்த வரி இல்லாட்டி டேட்டாபேஸ் என்ன செய்யும்? இருக்குற எல்லாருக்கும் அனுப்பும்!

எஸ்எம்எஸ் அனுப்பக் கம்ப்யூட்டர்ல சொருகியிருந்த டொங்கிள் லைட்டு மினுக் மினுக்குன்னு எரிஞ்சுச்சு.

"அழகா இருக்கே!"ன்னு அக்கா ரசிச்சாங்க. அடுத்த நிமிசம் அவங்க போன் அடிச்சுச்சு. வச்சா மறுபடி அடிச்சுச்சு. நான் பாய்ஞ்சு டொங்கிளப் புடுங்குனேன். எல்லாம் போய் முடிஞ்சிருந்துச்சு.

"பூசாரி கேக்குறாரு. மண்டபக்காரர் கேக்குறாரு. டெஸ்ட்னு பேரு வித்தியாசமா இருக்கே, கொழும்புப் பொண்ணான்னு கேக்குறாங்க! என் மானம் போச்சே தங்கச்சி!"

எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. ஹட்டன் குளிர்ல!

அப்பதான் அம்மா என் போனுக்குக் கூப்பிட்டாங்க. தேயிலைக் கொழுந்து எடுக்குற மலையில நின்னுக்கிட்டு.

"ஏன்டி, கொழுந்து எடுக்க விடாம போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. வேலைய மேற்பார்க்குற கண்டாக்கையா மொறைக்கிறாரு. என்னடி செஞ்சு வச்சிருக்க?"

"கம்ப்யூட்டர் கோளாறும்மா. சும்மா பொய்யா ஒரு பொண்ண எழுதுனேன்."

"பொய்யா? வலப்பனையில இருந்து ஒரு மாப்பிள்ளையோட அம்மா பேசுனாங்க. வாசிச்சுக் காட்டுனாங்க. சுடுதண்ணின்னதுமே எனக்கு வெளங்கிருச்சு, இது என் மகதான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாம் உண்மைதாங்கன்னு சொன்னேன்."

"அம்மா!"

"கத்தாத. தரகர் சொல்ற பொண்ணெல்லாம் தங்கமா இருக்காம். ஒருத்தியாவது உள்ளதச் சொல்றாளேன்னு அவங்களுக்கு சந்தோசம். பையன் துணி நல்லா தொவைப்பானாம். ஞாயித்துக்கெழம உன்னப் பொண்ணு பார்க்க வர்றாங்க."

பக்கத்துல ஒட்டுக்கேட்டுக்கிட்டு நின்ன பாக்கியம் அக்கா மொகம் அப்படியே மலர்ந்துருச்சு. "தங்கச்சி, இந்த சொப்ட்வெயார் பிரமாதம்!"

உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன்: டேட்டாபேஸ சோதிக்கிறப்ப தயவுசெஞ்சு உண்மைய எழுதிறாதீங்க.