ஓவியாவுக்குக் காது குத்தியது ஏன் என்றால்

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான், கீழ்பென்னாத்தூர் சக்திவேல் அவர்களுக்குத் தங்கை வீட்டுக்காரன் விமல்ராஜ் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கு நானும் உங்கள் தங்கை தேவிப்ரியாவும் குழந்தை ஓவியாவும் சௌக்கியம். அங்கு நீங்களும் அக்காவும் நிலத்தில் மல்லாட்டைப் பயிரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனில் விசாரிக்கலாம் என்றால் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். என் தண்ணீர் கேன் ஏஜென்சி நம்பரிலிருந்து கூப்பிட்டேன், குரலைக் கேட்டதும் அதையும் பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை என்பதால் இந்தக் கடிதம்.

உங்கள் கோபம் நியாயமானது. தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நீங்கள். உங்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. ஆனால் மண்டப வாசல் ஃப்ளெக்ஸில் உங்கள் போட்டோ சிரித்துக்கொண்டிருக்கிறது. அதை யாரோ புண்ணியவான் உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சாப்பாடு எப்படி?’ என்று வேறு கேட்டிருக்கிறான். ‘இனிமே அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்’ என்று நீங்கள் அக்காவிடம் சொன்னது எங்கள் காதுக்கு வந்ததிலிருந்து உங்கள் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா போன பிறகு அவளைப் பி.எச்டி. வரை படிக்க வைத்தது நீங்கள். நீங்கள் வராத வீட்டில் எங்களுக்கு நல்ல நாள் ஏது, பண்டிகை ஏது? அதனால் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தேவிப்ரியா வேலை பார்க்கும் காலேஜில் மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடத்துகிறாள் அல்லவா? டவுனில் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். ரிட்டயர்டு வாத்தியார்கள் வருவார்கள், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் வருவார்கள், ஆசிரமம் பக்கத்திலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்பார்கள். இந்த மாதம் அவள் கொடுத்த தலைப்பு ‘ஜனநாயகமும் கல்விச் சுதந்திரமும்’. பிரின்சிபால் கூப்பிட்டு, “தலைப்பு ரொம்ப நல்லா இருக்கும்மா. ஜனநாயகம், சுதந்திரம், இந்த ரெண்ட மட்டும் எடுத்துட்டா போதும்” என்றாராம். “அப்புறம் கல்வி மட்டும்தான் சார் மிஞ்சும்” என்றாளாம் இவள். “அதையும் கொஞ்சம் யோசிக்கணும்” என்றாராம் அவர். மறுநாள் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பெயிண்டர்தான் இன்றுவரை வரவில்லை.

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, மச்சான். அதனால்தான் எனக்கு யோசனை வந்தது. யோசனை வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கேன் போடும் மண்டபத்து மேனேஜர் இருசப்பனிடம் போய்க் கேட்டேன். “கூட்டம்னா போலீஸ் பெர்மிஷன் லெட்டர் வேணும் சார். கல்யாணம், காது குத்துன்னா ஒண்ணும் வேணாம், சாவிய வாங்கிக்கினு போயிட்டே இருங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமை அஷ்டமி, மண்டபம் காலி, வாடகையும் கம்மி. காது குத்து என்றே எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. “பொய் சொல்லித்தான் பேசணும்னா, அப்புறம் நான் என்னத்த சுதந்திரத்த பத்தி பேசறது?” என்றாள். “பேசறது நீ, பொய் சொல்றது நான், வேலைய பிரிச்சிக்கலாம்” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் மௌனம் ஒருமுறைகூடச் சம்மதமாக இருந்ததில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்: “எங்க அண்ணாவுக்கு மட்டும் பொய்யா பாக்கு வெச்சிடாதீங்க.” மச்சான், உங்களை அழைக்காததற்குக் காரணம் இதுதான். அலட்சியம் இல்லை.

ஃப்ளெக்ஸ் மட்டும் என் கையை மீறிப் போய்விட்டது. மண்டப வாடகையோடு ஒரு ஃப்ளெக்ஸ் இலவசம் என்றார்கள். கடைக்காரன் பிரகாஷ் என்னை மேலும் கீழும் பார்த்து, “தாய்மாமன் போட்டோ இல்லாம காதணி விழா ஃப்ளெக்ஸா? எந்த ஊர் சார் நீங்க?” என்றான். வேறு வழி இல்லாமல், டிராக்டரோடு நிற்கும் உங்கள் வாட்ஸ்அப் படத்தைக் கொடுத்தேன். டிராக்டரை வெட்டி எடுத்தது அவன். உங்களுக்குப் பின்னால் சிங்கத்தை நிற்க வைத்ததும் அவன்தான். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பேச்சைக் கேட்க வந்தவர்கள் பாதி, ஃப்ளெக்ஸைப் பார்த்து மொய்க் கவரோடு வந்தவர்கள் பாதி. எங்கள் தெரு மணியம்மாள் வெள்ளித் தண்டையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. உங்கள் தங்கை மைக்கைப் பிடித்தாள். கேள்வி கேட்கிற பிள்ளையை உட்காரு என்கிற வகுப்பிலிருந்துதான், நாளைக்கு எதையும் கேட்காமல் ஓட்டுப் போடுகிற ஜனம் வருகிறது என்றாள். நான் கேன் வியாபாரி, எனக்கே கை தட்டத் தோன்றியது. தட்டக் கையைத் தூக்கினேன், வாசலில் இன்ஸ்பெக்டர் நிற்கிறார்.

“இங்க ஏதோ மீட்டிங் நடக்குதாமே?” என்றார். “இல்ல சார், காது குத்து” என்றேன். “காது குத்துல எதுக்கு புரொஜெக்டர்?” “கொழந்தை போட்டோ போடறதுக்கு சார்.” “அஷ்டமியில காது குத்தறீங்களா?” “எங்க வழக்கம் சார்.” எங்கள் வம்சத்தில் எவனும் அஷ்டமியில் செருப்புகூட வாங்கியதில்லை, உங்களுக்கே தெரியும். அவர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார். “சரி, குத்துங்க. நானும் பாத்துட்டே போறேன்” என்று முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். காது குத்தப் பத்தர் வேண்டுமே, இல்லையென்று தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், சொற்பொழிவு தவறாமல் கேட்கும் மண்ணாங்கட்டிப் பத்தர் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து, “கம்பி என் வண்டியிலயே இருக்குதுங்க” என்கிறார். உதவி செய்கிறாராம்.

இன்ஸ்பெக்டர் அடுத்ததாகக் கேட்டார்: “தாய்மாமன் எங்க? யார் மடியில உக்கார வெப்பீங்க?” மண்டபமே என்னைப் பார்த்தது. அப்போது தேவிப்ரியாவின் மாணவி கீர்த்தனா எழுந்து, “தற்காலிகத் தாய்மாமனுக்கு எலெக்‌ஷன் வெச்சிடலாம் சார்” என்றாள். அந்தப் பிள்ளைகளுக்கு இவள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அப்படி. இருசப்பன் பேரைச் சொன்னார்கள், நாலைந்து கை உயர்ந்தது. யாரோ பின்னாலிருந்து “இன்ஸ்பெக்டர் சார்!” என்று கத்தினார்கள். மண்டபத்தில் பாதிக்கு மேல் கை தூக்கிவிட்டது. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரும் இரண்டு கையையும் தூக்கினார்கள். “நான் நிக்கவே இல்லையேம்மா” என்றார் அவர். “ஜனங்க தப்பா போட்டாலும் ஓட்டு ஓட்டுதான் சார்” என்று உங்கள் தங்கை மைக்கிலேயே சொல்லிவிட்டாள்.

அந்த மனிதர் எழுந்து முன்னால் வந்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “எங்க அக்காவுக்கு கொழந்தைங்க இல்ல. இந்த மடியில இதுவரைக்கும் யாரும் உக்காந்ததில்ல” என்று மெதுவாகச் சொல்லி, சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓவியாவை வாங்கிக்கொண்டார். பத்தர் ஒரு காதைக் குத்தினார். அவள் போட்ட கூச்சல் மலை உச்சிக்கே கேட்டிருக்கும். அடுத்த காதைத் தொட வந்தபோது இரண்டு கையாலும் மூடிக்கொண்டு “வேணாம்! வேணாம்!” என்றாள். “அவளே வேணாம்னுட்டா, விட்டுடுங்க” என்றாள் அவள் அம்மா. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நேராக இன்ஸ்பெக்டரைப் பார்த்து, “சார், என் வீட்டுக்காரர் சொன்னது பொய். இது காது குத்து இல்ல, கூட்டம்தான். பொய்ய வெச்சிக்கினு என்னால மேல பேச முடியல. நிறுத்தணும்னா நிறுத்துங்க” என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது, மச்சான். ஓவியா தேம்பித் தேம்பி அவர் தோளிலேயே தூங்கியிருந்தாள். அவர் அசையவில்லை. “பேசுங்க மேடம். கொஞ்சம் மெதுவா பேசுங்க, கொழந்த தூங்குது” என்றார். முழுவதையும் கேட்டார். கடைசியில் கேள்வியும் கேட்டார்: “எங்க டிரெய்னிங்ல கேள்வி கேட்டா கிரவுண்ட சுத்தி ஓட விடுவாங்க. அத நீங்க எந்தக் கணக்குல சேப்பீங்க?” அதற்குத்தான் அன்றைக்குப் பலத்த கைதட்டல்.

ஆக, உங்கள் உரிமையை நான் வேண்டுமென்றே ஒரு போலீஸ்காரருக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஓட்டுப் போட்டுப் பறித்துவிட்டார்கள். இன்னொரு காது அப்படியே இருக்கிறது. நல்ல நாள் பார்த்து, குலதெய்வம் கோயிலில், உங்கள் மடியில் வைத்து, ஓவியாவும் சம்மதித்தால், குத்திவிடலாம். கோபத்தை விட்டு ஒரு நடை வந்து போங்கள். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம், உங்கள் மாடு கன்றுகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
விமல்ராஜ்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நீங்களே வந்துவிட்டீர்கள். இதை நான் சமையலறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன், நீங்கள் கூடத்தில் இருக்கிறீர்கள். என்னோடு இன்னும் பேசவில்லை என்பதால் காபியோடு இதையும் சேர்த்து வைக்கிறேன். மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம், அத்தனையும் காதைப் பற்றி. நீங்கள் உள்ளே வந்ததும் தங்கையிடம் சொன்னதைக் கேட்டேன். “காது என்னிக்கு வேணா குத்திக்கலாம், பாப்பா. நீ மைக்குல பேசனத ஊரே வந்து கேட்டுச்சு. போலீஸ்காரன்கூட கேட்டான். படிக்க வெச்சவன் எனக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா?” என்று கேட்டு, சிங்கத்துக்கு முன்னால் சிரித்தவர் குழந்தை மாதிரி அழுதீர்கள். அவளும் அழுதாள். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் ஒருவருக்காக அந்தச் சொற்பொழிவை முதலிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள். காபி ஆறுகிறது, மச்சான். ஆனால் நீங்கள் கேள்வி கேட்கக் கையைத் தூக்கியிருக்கிறீர்கள், அதனால் நான் கூடத்துக்கு வரவில்லை.