மீன் கூடைக்கு அடியில் ஒரு ஜெர்மன் தொப்பி

சல்யூட் என்பது கொடுத்தால் கொடுத்ததுதான். அதை யாரும் திரும்பக் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்கள். அதுவும் சட்டையைப் பிடித்துக் கேட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், சாராயக் கடைகளை மறுபடி மூடியிருந்த சமயம். எனக்கு இருபது சொச்சம் வயது. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டபின் உப்பளம், செங்கல் சூளை, சினிமாக் கொட்டகை என்று அலைந்துவிட்டு, செங்கல்பட்டில் ஒரு லாரிக்குக் கிளீனராக வந்து சேர்ந்திருந்தேன். படுக்கை லாரிக்கு மேலே. மழை பெய்தால் லாரிக்குக் கீழே. (மாடி வீடு மாதிரி, ஒரு குறையும் இல்லை.) அந்த மாதம்தான் டிரைவர் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தேன். வந்துவிட்டால் ஸ்டீயரிங் என் கையில் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில்தான் டாக்டர் சவுந்தரராஜன் பழக்கமானார். அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்து சாய்ந்தால் எதிரே ஒரு கண்ணாடி அலமாரி தெரியும். உள்ளே கவிழ்த்து வைத்த மண்பானைகள். பானைக்கு ஒன்றாகப் பழைய ஜெர்மன் ராணுவ ஆபீசர் தொப்பிகள், எல்லாம் முதல் உலக யுத்தத்துக் காலத்தவை. மூக்கும் வாயும் இல்லாத பானைகளுக்குக்கூட உத்தரவு போடுகிற தோரணை வந்திருந்தது. பல் போனதே எனக்குத் தெரியவில்லை.

அவர் ஒரு தொப்பியைப் பரிசோதிக்கும் அழகை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கையில் வாங்கியதும் முதலில் மோந்து பார்ப்பார். பழைய தோல், பழைய பட்டு, பழைய வியர்வை, மூன்றும் தனித்தனியாக மூக்கில் ஏறினால்தான் மேற்கொண்டு பேச்சு. பிறகு உள்பட்டையைப் புரட்டித் தையலைப் பார்ப்பார். கடைசியில் நெற்றியில் இருக்கும் இரண்டு வட்டுகள். மேல் வட்டு கறுப்பு, வெள்ளை, சிவப்பு. அது ஜெர்மனி முழுக்கப் பொது. கீழ் வட்டு எந்த ராஜாவின் படை என்று சொல்லும். வட்டு ஒரே தகட்டில் அடித்துப் பெயின்ட் பூசியதாக இருந்தால் சிப்பாய். துண்டு துண்டாகக் கட்டி, விளிம்பில் பல் எழுந்து நின்றால் ஆபீசர்.

"பல்லப் பாருடா, பல்லு பொய் சொல்லாது" என்பார். (பல் டாக்டர் வேறு எதைச் சொல்வார்?)

லாரி போகிற ஊர்களில் கண்ணை வைக்கச் சொல்லியிருந்தார். நானும் தபால்காரர் தொப்பி, கல்யாண பேண்டுக்காரர் தொப்பி என்று அகப்பட்டதையெல்லாம் கொண்டுபோய் நீட்டினேன். ஒவ்வொன்றையும் மரியாதையாக மோந்துவிட்டுத் திருப்பித் தந்தார். கலெக்டர் ஆபீஸ் பெரியவர் ஒருவர் பரிசாகக் கொண்டு வந்ததையே 'டிராமா கம்பெனி சரக்கு' என்று முகத்துக்கு நேரே சொன்னவர். தொப்பி விஷயத்தில் அவர் வாயில் பொய் வராது.

ஒரு நாள் மகாபலிபுரத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்துக் குப்பத்தில் தண்ணீர் கேட்கப் போனேன். அஞ்சலை என்கிற மீன்காரம்மா எதிரே வந்தார். தலையில் கூடை. கூடைக்கும் தலைக்கும் நடுவே, சும்மாடு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு தொப்பி. கறுப்புத் தோல் முகப்பு நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலே இரண்டு வட்டுகள்.

"யக்கா, அந்தத் தொப்பி ஏது?"

"நீ மீனு வாங்க வந்தியா, தொப்பி வாங்க வந்தியா?"

"தொப்பிதான்கா."

"கடலோரம் சுத்திகினு இருந்தானே, சட பிடிச்ச வெள்ளக்காரப் புள்ள, அவன் குடுத்தது. துன்ன மீனுக்கு. அவுங்க தாத்தனுதாம். ஊருக்குப் பூட்டான்."

"எனக்குக் குடுத்துடுக்கா."

"அப்பால கூடைக்கு அடில இன்னாத்த வெக்கிறது, உன் மண்டையவா? இது மாரி சும்மாடு கெடைக்குமாய்யா? மீன் தண்ணி கண்ணுல சொட்டாது. எல்லாம் முன்னால வழிஞ்சி பூடும்."

அந்தத் தொப்பியை இதைவிட நன்றாக யாரும் பயன்படுத்தியிருக்க முடியாது. ஆனாலும் நான் விடவில்லை. கெஞ்சிய கெஞ்சலில் அவர் மனம் இளகி, பதிலுக்கு என் தலைத்துண்டைக் கேட்டார். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். உருவிக் கொடுத்தேன்.

வெறுந்தலை. உச்சி வெயில். கையில் தொப்பி. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன்.

உடம்பில் ஒரு பஸ் கண்டக்டர் கழித்துப் போட்ட காக்கிச் சட்டை வேறு. தொப்பி ஏறியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மணல் மேட்டில் ஏறினேன். கீழே தோப்புக்குள் புகைந்துகொண்டிருந்த அடுப்புப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"டேய், ஆபீசருடா! ஓடு மச்சான்!"

நாலா பக்கமும் ஆட்கள் சிதறி ஓடினார்கள். சாராயப் பானை உருண்டது. எனக்கு விஷயம் புரியவில்லை. ஜெர்மன்காரன் செத்த பிறகும் என்ன மரியாதை என்று பூரித்துப்போய் நின்றேன்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்த தாழம்புதரிலிருந்து ஒரு போலீஸ்காரர் எழுந்தார். அவர்களைப் பிடிக்கத்தான் காலையிலிருந்து அங்கே பதுங்கியிருந்திருக்கிறார். என் தலையைப் பார்த்தார். விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். அடித்த கை இறங்குவதற்குள் அவர் கண் என் காலுக்கு இறங்கிவிட்டது.

செருப்பு இல்லை.

சட்டையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனார். எஸ்.ஐ. காகிதத்தை எடுத்து வைத்தார். ஆபீசர் வேஷம் போட்டுத் திரிந்தது, சாராயக் கும்பலைத் தப்பவிட்டது. எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. கேஸ் விழுந்தால் லைசென்ஸ் கிடையாது, ஆயுசுக்கும் கிளீனர். "சார், இது பழைய தொப்பி, செங்கல்பட்டு பல் டாக்டருக்காக வாங்கினது" என்று அழாத குறையாகச் சொன்னேன். போன் போனது.

டாக்டர் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். (நாற்காலியில் ஒருவரை வாயைப் பிளந்தபடியே விட்டுவிட்டு வந்தார் என்று கேள்வி.) நான் பெஞ்சிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைத் தாண்டி மேஜைக்குப் போய்விட்டார்.

"டாக்டர், ஒரே கேள்வி" என்றார் எஸ்.ஐ. "இது ஆபீசர் தொப்பியா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் லாரிக்குப் போகலாம். டாக்டர் தொப்பியை எடுத்து மோந்தார். புருவம் சுருங்கியது.

"மத்தி மீன்" என்றார். மறுபடி மோந்தார். "அதுக்குப் பின்னால தோல். பட்டு." உள்பட்டையைப் புரட்டினார். வட்டின் விளிம்பை நகத்தால் தடவினார்.

"டாக்டர், டிராமா தொப்பின்னு சொல்லிடுங்க!" என்று கத்திவிட்டேன்.

"எப்படிடா சொல்றது? பாரு, பல்லு நிக்குது!" என்று என்னையே அதட்டிவிட்டு எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "சந்தேகமே இல்ல சார். அசல் ஆபீசர் தொப்பி."

எஸ்.ஐ. திருப்தியாக எழுதத் தொடங்கினார். என் ஸ்டீயரிங் கண்ணெதிரே கழன்று உருண்டு கடலுக்குள் போயிற்று.

"எந்த டிபார்ட்மென்ட்?"

"கீழ் வட்டு வெள்ளையும் நீலமும். ஜெர்மனில இருந்த பவேரியா ராஜாவோட படை."

பேனா நின்றது. "அந்த ராஜா இப்ப?"

"இல்ல. படையும் இல்ல. முதல் உலக யுத்தத்தோட ராஜ்யமே முடிஞ்சிபோச்சு."

"அப்ப இவன் யாரைத்தான் ஏமாத்தினான்?"

டாக்டர் நேர்மையாக யோசித்தார். "செத்துப்போன பவேரியா ராஜாவை. அப்புறம், சல்யூட் அடிச்ச உங்க கான்ஸ்டபிளை."

எஸ்.ஐ. மெதுவாகத் தலையைத் திருப்பினார். "சல்யூட் அடிச்சியாய்யா?"

"தொப்பி ஷோக்கா கீதுன்னு... கை தானா பூட்சிங்கய்யா."

கேஸ் எழுதினால் அதையும் எழுத வேண்டும். இல்லாத ராஜாவின் படைக்கு நம் போலீஸ் சல்யூட் வைத்தது என்று மேலிடத்துக்குப் போகும். எஸ்.ஐ. காகிதத்தைக் கசக்கினார். "ரெண்டு பேரும் கிளம்புங்க. இதையும் எடுத்துட்டுப் போங்க, ஸ்டேஷன் மீன் மார்க்கெட்டா நாறுது."

பஸ்ஸில் டாக்டர் தொப்பியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினாரா என்று கேட்டேன். "உன்னையா?" என்றார், ஏதோ அந்நிய விஷயம் போல. அவர் உண்மையைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. அதில் நான் தப்பியது உபரி. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அலமாரியில் அந்தத் தொப்பி ஏறிய பிறகு, பல் வலி இல்லாத பூனைகளும் வாசலில் காத்திருக்க ஆரம்பித்தன.

லைசென்ஸ் வந்தது. ஆனால் கதை அதற்கு முன்பே லாரி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து என் பெயர் பவேரியா. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கடை வரிசையில் என் மனைவி பவேரியா வூட்டம்மா ஆனாள்.

பல வருஷம் கழித்து என் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சம்பந்தி ஆகப்போகிறவர் காபியை ஆற்றிக்கொண்டே, "உங்களுக்குப் பூர்வீகம் எதுங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மச்சான், "பவேரியாங்க!" என்று குரல் கொடுத்துவிட்டான். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. நான் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் அசரவில்லை. பெரிய மனிதராகத் தலையை ஆட்டினார்.

"தெரியும் தெரியும். செய்யூர் தாண்டி உள்ள போவணும். நல்ல பூமி."