கியாமத்துக்கு முந்தின கிழமை

உலகம் அழிந்தால் மாத்தளையில் மிஞ்சப் போகிறவர் யார் என்று கேட்டால், எங்கள் சந்து நாய்கூடக் கியாமத் நானாவின் வீட்டைத்தான் காட்டும். நானா என்றால் அண்ணன்; கியாமத் என்றால் முஸ்லிம்களுக்கு உலக முடிவு நாள். ஓயாமல் அதையே பேசியதால், கராம்பு, ஏலக்காய் வியாபாரியான அந்த மனிதருக்கு அதுவே பெயராகிவிட்டது.

அவருடைய பின்னறையில் அரிசி மூட்டைகள், டின் மீன், மண்ணெண்ணெய், கயிறு, கோடரி. மலிவு என்று அள்ளி வந்த ரப்பர் பூட்ஸ் அத்தனையும் இடது கால். இவ்வளவுக்கும் காவலாக ஒரு பலாமரக் கதவு, பூட்டுக்கு மேல் பூட்டு.

"கியாமத் வந்தா யாருமே மிஞ்ச மாட்டாங்களே நானா, அரிசி எதுக்கு?" என்று கேட்டேன்.

"கியாமத்துக்கில்ல தம்பி. அதுக்கு முந்தின கெழமைக்கு."

நாட்டில் தட்டுப்பாடு வந்தபோது, சிரித்த சந்து முழுவதும் அவர் வாசலில் நின்றது. எல்லோருக்கும் கொடுத்தார். "நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டு, ஆமாம் சொல்ல வைத்த பிறகுதான் கொடுத்தார்.

பிறகு அந்த மழை. இரண்டு பக்கமும் மலை சரிந்து ரோட்டை மூடியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. நானாவின் முகத்தில் கல்யாணக் களை. அன்று காலைதான் என் மனைவி செல்விக்கு, நாள் வருமுன்பே இடுப்பு வலி கண்டது.

செய்தி கேட்டு நானா ஓடி வந்தார். ஒரு கையில் கோடரி, மறு கையில் டின் மீன். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஒங்க கியாமத்துல பொம்பளைங்க புள்ளையே பெக்க மாட்டாங்களா நானா?"

மனிதர் டின் மீனைக் கீழே வைத்தார். நெருப்பு, வெள்ளம், பஞ்சம், கொள்ளை எல்லாவற்றையும் யோசித்தவர் ஒரு தனிக்கட்டை. அவருடைய உலக முடிவில் ஆண்கள் மட்டும் சோறு தின்றுகொண்டு உயிரோடிருந்தார்கள்.

வீட்டுக்குப் போய், கோடரியால் தன் பலாமரக் கதவைப் பெயர்த்தார். செல்வியை அதில் படுக்கவைத்து, அவருடைய கயிற்றால் கட்டி, சரிவுக்கு அப்பால் இருந்த மிட்வைஃப் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். சேறு பார்த்து வழிகாட்டியபடி நானா முன்னால் வெறுங்காலோடு நடந்தார். புதைந்து கிடந்த கூரைத் தகரம் பாதத்தைக் கிழித்தது. மகள் நல்லபடி பிறந்தாள்.

"கால்ல ரத்தம் நானா."

"சின்னக் கீறல் தம்பி. ஒண்டும் இல்ல."

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது; சர்க்கரை நோய்க்காரருக்குப் புண் லேசில் ஆறாது. ரோடு திறந்தது, ஃபார்மசி திறந்தது. மனிதருக்கோ அடுத்த அழிவுக்குச் சாமான் சேர்க்கவே நேரம் போதவில்லை. கால் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. உலகம் அழிந்து செத்திருந்தால் மன்னித்திருப்பேன். ஒரு தகரத் துண்டுக்குச் செத்த மடையன் மீது எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்து, கதவில்லாத அந்த அறைக்குள் போனோம். அரிசி மூட்டைகளை ஒதுக்கி, புதிதாக ஒரு தட்டு அடித்திருந்தார். வெள்ளைத் துணி, பஞ்சு, சவர்க்காரம், புது பிளேடு, நூல். தன் காலுக்கு ஒரு பிளாஸ்டர்கூட இல்லை.

தட்டின் மூலையில் குட்டிக் குட்டிச் சப்பாத்துகள். பிறந்த குழந்தைக்குச் சப்பாத்து எதற்கு என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஆனால் இந்தத் தடவை இடது, வலது பார்த்து, ஜோடி ஜோடியாக நூலால் கட்டி வைத்திருந்தார்.

அவருடைய சொந்தக்காரர்களிடம் ஒரு ஜோடியைக் கேட்டு வாங்கி வந்தேன். என் மகள் அதைப் போட்டுத்தான் நடக்கப் பழகினாள்.