தெருவில் ஆளே இல்லை என்ற ஏஐ

ஸ்கெலட்டன் லைன், கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்)
செவ்வாய்க்கிழமை

புது ஏஐ சட்ட வரைவுக்கு ஜனங்கள் எழுதும் கருத்துக்களைப் பெங்களூரில் பிரித்து அடுக்கும் மகாகனம் பொருந்திய மருமகள் வாணிக்கு, ஒன்பது நாளாகக் குளிக்காத மாமன் மனோகர் தூர நின்று ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அத்தை ஜெயம்மாவும் நலம். ஆனால் ஏஐ கணக்குப்படி நாங்கள் இந்தப் பூமியில் இல்லை.

நடந்ததைக் கேள். எங்கள் தண்ணீர் வால்வை இப்போது ஏஐதான் திறந்து மூடுகிறது. ஒரு மாதம் தெருவைக் கவனித்திருக்கிறது. விடியும் முன்பே ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குப் போகிற ஜனம், பொழுது சாய்ந்துதான் திரும்பும். பகலில் தண்ணீர் விட்டால் பிடிக்க எங்களைப் போல வீட்டோடு கிடக்கும் நாலு பேர்தான்; அதன் கணக்கில் அது ஆளே இல்லை. உடனே, 'இங்கே யாரும் வசிக்கவில்லை' என்று வால்வை மூடிவிட்டது. டேங்க் கேமரா முன்னால் நான் குதித்த குதியில் ஆந்திரா வரை அதிர்ந்தது; அது மதிக்கவில்லை. வாட்டர்மேன் விநாயக்கைப் பிடித்தேன். "நான் இன்னா பண்றது அண்ணா? ஏஐயை நிறுத்தினாத்தான் கையால தொறக்க முடியும். நிறுத்துற பட்டன் கோலார்ல கீது. உயிரோட கீறோம்னு எழுதிக் குடுங்க" என்கிறான்.

வரும் ஞாயிறன்று பக்கத்து வீட்டு ராணியின் மகள் அன்புச்செல்விக்கு வளைகாப்பு. ஏழு மாத வயிற்றோடு அந்தப் பெண் பக்கத்து ஏரியா சாம்பியன் ரீப்ஸ் குழாயிலிருந்து குடம் தூக்கி வருகிறாள். ராணி என் வாசலில் நின்று, "இன்னா மாமா, சுரங்கத்துல ஆயிரம் அடி ஆழத்துல ஆளை ஏத்தி இறக்குற கேஜையே நிறுத்தினேன்னு பீத்திக்கிறீங்க, ஒரு பைப்பு தொறக்க வக்கில்லையா?" என்றாளே பார்க்கலாம்!

ரோஷத்தோடு வரைவைப் படித்தேன். யாரும் கம்ப்யூட்டர் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்கிறது முதல் பாதி. அதைக் காட்டியதும் என் போனைத் திட்டுவதை உன் அத்தை கால் மணி நேரம் நிறுத்தினாள். தண்ணீர், கரண்ட் நடத்தும் ஏஐயை நிறுத்த மனிதன் கையில் வழி வேண்டும் என்கிறது மறு பாதி. எந்த மனிதன் கையில்? அதைக் காணோமே! சுரங்கத்தில் பெல் அடித்தவன் நான். பெல் கம்பியை ஒரு தட்டுத் தட்டினால் கேஜ் நிற்கும். அந்தக் கம்பி கீழே நிற்பவன் கைக்கெட்ட இருந்தது, சுரங்கத்தைத் தோண்டிய வெள்ளைக்காரக் கம்பெனியின் லண்டனில் இல்லை. ஆகவே, நிறுத்தும் பட்டன் தண்ணீர் பிடிப்பவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சேர்க்கச் சொல்.

இன்னொன்றும் விசாரித்து எழுது: ஆளே இல்லாத தெருவில் ராத்திரி லைட்டை யார் போடுவதாக அந்த ஏஐ நினைத்தது?

உன் நாற்காலி ஆடாமலும், உன் குழாய் காயாமலும் இருக்க வாழ்த்தும்,
மாமன் மனோகர்

பி.கு. (வியாழன்): மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்ததில், பட்டன் கோலாரிலிருந்து நம் தெருமுனைக்கே வந்துவிட்டது. விநாயக் அமுக்கி, கையால் திறந்தான், தண்ணீர் வந்தது. மறுபடி அமுக்கினால் ஏஐ விழித்துக்கொள்ளும், விழித்ததும் ஆளில்லை என்று மூடும். அப்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க, காலையிலிருந்து பதினோரு தரம் அமுக்கியாயிற்று; ஒன்பது நான். இப்போது ராணி பட்டன் முன்னால் நாற்காலி போட்டு, "கிட்ட வந்தா கையை ஒடிப்பேன் மாமா" என்கிறாள். அன்புச்செல்வி வீட்டு டிரம் நிறைகிறது. சட்டத்தில் இப்படி எழுதச் சொல்: பட்டன் மனோகர் கைக்கெட்டாத இடத்தில், முடிந்தால் கோலாரில்.